சுவரில் ஒரு பிழை

“சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்!” நகரத் தெருக்களிலே நாம் காணும் எச்சரிக்கை இது. சுவர் அழுக்காகுமே என்ற கவலை எழுதியவருக்கு இருந்தது. மொழி அழுக்காகுமே என்ற கவலை இல்லை! ஆறு, ‘ஆற்றில்’ ஆகும். வயிறு, ‘வயிற்றில்’ ஆகும். இரண்டும் ‘று’ என முடியும் சொற்கள். சுவரோ ‘ர்’ என முடிவது. ‘சுவரில்’ என்பதே முறை. தேரைத் ‘தேற்றில்’ என்று எவரும் எழுதக் காணோம். சுவர் மட்டும் செய்த குற்றம் என்ன?

பிழை சுவரோடு நின்றதா? நாளேட்டைப் புரட்டினால் ‘ஒவ்வொரு ஊர்களிலும்’ கூட்டம் நடக்கிறது. ‘ஒவ்வோர் ஊரிலும்’ நடக்கக் காணோம். அங்காடித் தெருவிலே ‘கீரை கடை’ என்றொரு பலகை. ஓர் ஒற்று விடுபட்டதும், விற்பனைக் கூடம் கீரையைக் கடையச் சொல்லும் கட்டளையாகிவிட்டது!

“பொருள் விளங்குகிறதே, புள்ளி ஒன்று போனால் என்ன?” என்று கேட்போர் உளர். அவர்கள் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கட்டும்.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றது தொல்காப்பியம். ஆயினும், பனையோலையிலே எழுத்தாணியால் கீறியோர், புள்ளியிட்டால் ஓலை பொத்துப்போகும் என அஞ்சிப் பெரும்பாலும் அதை விடுத்தனர். எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என ஏட்டைப் பார்த்தவர் திகைத்தார். பொருள் சொல்ல ஆசிரியர் ஒருவர் அருகிருக்க வேண்டும். எழுத்தின் திறவுகோல், ஏடு வைத்திருந்த சிலரின் மடியிலே கிடந்தது!

அந்தக் கட்டு எளிதில் அவிழவில்லை. 1578இல் கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சாயிற்று. எகர ஏகார மயக்கம் தீர 18ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் வழி செய்தார். 1812இல் திருக்குறள் அச்சேறியது. 1835இல் அச்சகங்கள் மீதிருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. நூற்பாவிலே பூட்டிக் கிடந்த இலக்கணத்தை ‘இலக்கணச் சுருக்கம்’ என எளிய உரைநடையிலே தந்தார் ஆறுமுக நாவலர். அவருடைய சமயக் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. பிழையின்றிப் பதிப்பிக்க அவர் பட்ட பாட்டை நாம் மறுப்பதற்கில்லை. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கிச் சொல் சொல்லாகத் தேர்ந்தனர். அச்சான பின் தவறு தெரிந்தால், ‘பிழைதிருத்தம்’ என்று பட்டியலிட்டு நூலோடு சேர்க்கும் வழக்கமும் இருந்தது. பிழையை ஒப்புக்கொள்ள நாணாத, பிழை செய்யவே நாணிய காலம் அது!

“பழமையைக் கட்டிக்கொண்டு அழவா சொல்கிறீர்?” எனலாம். இல்லை! 1935இல் பெரியார் ‘குடி அரசு’ ஏட்டிலே எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். 1978இல் தமிழக அரசு அதை ஏற்றது. காரணம் காட்டி, கற்போரின் சுமை குறைய, ஒரே சீராகச் செய்த மாற்றம் அது. ‘சுவற்றில்’ என்பதற்குக் காட்டும் காரணம் யாது? சீர்திருத்தம் வேறு, சோம்பல் வேறு.

இந்தச் சோம்பலுக்கு விலை கொடுப்பவர் யார்? வீடு நிறைய நூல் உள்ளவன், பிழையைக் கண்டு நகைத்துவிட்டுப் போவான். குடும்பத்திலே முதன்முதலாகப் பள்ளி சென்ற பிள்ளைக்கோ சுவரும் பலகையும் நாளேடுமே நூலகம்! அங்கே கண்டதை அது மெய்யென்று நம்பும், தேர்வுத்தாளிலே எழுதும், மதிப்பெண்ணை இழக்கும். பிழை அச்சிட்டவருடையது, தண்டனை பிள்ளைக்கு! இது நீதியா?

இளைஞர்களே, நாம் கேட்பது பண்டிதத்தனம் அன்று. எழுதியதை வெளியிடுமுன் ஒருமுறை படித்துப் பார்க்கும் பொறுப்பு. உங்கள் துண்டறிக்கையிலிருந்து, உங்கள் சுவரெழுத்திலிருந்து அதைத் தொடங்குங்கள். ஓலை பொத்துப்போகும் என்று அன்று புள்ளியை விட்டார்கள். கணினித் திரை பொத்துப்போகுமா? பிறகு ஏன் விடுகிறோம்?