டிஸ்போசல் டோசரிலிருந்து பொக்லைன் வரை: சேர்வராயன் மலையும் பழைய இயந்திரங்களும்

இன்னைக்கு ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம். பொக்லைன்.

சேலத்துப் பக்கம் நாளிதழைப் புரட்டினால் இந்த வார்த்தை வாரம் ஒருமுறையாவது கண்ணில் படும். 'ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிவு, பொக்லைன் கொண்டு அகற்றம்'னு போட்டிருப்பாங்க. கூடவே இருக்கிற படத்துல நிற்கிறது மஞ்சள் நிற ஜேசிபியா இருக்கும். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டரை உலகத்துக்குப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் லார்சன் அண்ட் டூப்ரோ அந்தப் பெயரில் இயந்திரம் தயாரித்தது. இப்போது அந்தப் பெயரில் புது எக்ஸ்கவேட்டர் எதுவும் சந்தைக்கு வருவதில்லை. ஆனாலும் பெயர் நம்ம வாயில் இருக்கு. கம்பெனி விற்பதை நிறுத்திய பிறகும் இயந்திரங்கள் இங்கே பல வருஷம் ஓடின, அதனால்தான் பெயரும் நின்னுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

அந்த ஓட்டத்தின் வரலாறுதான் இந்த அத்தியாயம். பழைய கனரக இயந்திரத்தை எப்படி உயிரோடு வைத்திருந்தாங்க, எப்படிப் புதுப்பிச்சாங்க, அதனால மலைக்கு என்ன ஆச்சு, இந்த மூணையும் பார்க்கலாம்.

முதல்ல 1934. டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் கிறிஸ்டியன் டூப்ரோ என்ற பொறியாளர் கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரைக்கு வருகிறார். அங்கே சிமென்ட் ஆலைக்கு இயந்திரம் பொருத்துகிற வேலை. அவரும் இன்னொரு டேனிஷ் பொறியாளரான ஹென்னிங் ஹோல்க்-லார்சனும் 1938-ல் பம்பாயில் கூட்டாகத் தொழில் தொடங்கினாங்க. அதற்கு அடுத்த வருஷம் உலகப் போர் வந்துவிட்டது. இறக்குமதி நின்றது, கப்பல் பழுதுபார்க்கிற வேலையில் இறங்கினாங்க. 1945-ல் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் கம்பெனியுடைய மண் அள்ளும் இயந்திரங்களை இந்தியாவில் விற்க ஒப்பந்தம் போட்டாங்க.

இந்த இடத்தைக் கவனிங்க. போர் முடிந்தபோது இந்தியாவில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன புல்டோசர்களும் டிராக்டர்களும் ஏராளமாகக் கிடந்தன. அசாமிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட லெடோ சாலை போன்ற வேலைகளுக்காக வந்த இயந்திரங்கள் அவை. திருப்பிக் கொண்டுபோகும் செலவுக்கு இங்கேயே விற்பது லாபம். 'டிஸ்போசல் சாமான்' என்று நம்ம ஊரில் சொல்வதெல்லாம் அந்தக் காலத்து வழக்கு. மலிவாகக் கிடைத்த போர்க்கால கேட்டர்பில்லர் இயந்திரங்களை வாங்க டூப்ரோவுக்கும் லார்சனுக்கும் ஆசை, ஆனால் கையில் இருந்த முதல் போதவில்லை. வெளியிலிருந்து முதல் திரட்டுவதற்காகவே 1946 பிப்ரவரி 7-ஆம் தேதி லார்சன் அண்ட் டூப்ரோ பிரைவேட் லிமிடெட் பதிவானது. இன்றைக்கு மெட்ரோ ரயிலும் பாலமும் கட்டுகிற அந்தப் பெரிய கம்பெனி லிமிடெட் ஆனதற்கே காரணம், செகண்ட் ஹேண்ட் டோசர்!

அரசாங்கமும் அதே வழியில்தான் போனது. மத்திய டிராக்டர் நிறுவனம் என்ற அமைப்பு, அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டிராக்டர்களைச் சரிசெய்து, மத்திய இந்தியாவில் காடாக வளர்ந்திருந்த காஞ்சுப் புல்லை உழுது எடுக்கும் வேலையைத் தொடங்கியது. பழைய வண்டிகளை மட்டும் வைத்து அந்த வேலையை முடிக்க முடியாது என்று தெரிந்த பிறகு, 1949-ல் உலக வங்கியிடம் விவசாய இயந்திரங்களுக்காக 1 கோடி டாலர் கடன் வாங்கினாங்க. சுதந்திர இந்தியா உலக வங்கியிடம் வாங்கிய இரண்டாவது கடன் அது.

சரி, அந்த டிஸ்போசல் டோசர் எப்படிப்பட்டது? அதை ஸ்டார்ட் பண்ணவே தனியா ஒரு என்ஜின் வேணும். பெரிய டீசல் என்ஜினின் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் அதைக் கிளப்பி, அது டீசலைச் சுற்றவைத்துச் சூடாக்கி, அப்புறம்தான் பெரிய என்ஜின் எழும். பனி விழுகிற நாட்டுக்கு அது சரி. நம்ம ஊர் வெயிலுக்கு அவ்வளவு சடங்கு தேவையில்லை. அதனால் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வைப்பது அந்த வகை இயந்திரங்களுக்குச் செய்த முக்கியமான மேம்பாடு.

இன்னொன்று பிளேடு. பழைய டோசரில் பிளேடைத் தூக்கி இறக்குவது கம்பிக் கயிறு. கயிற்றால் தூக்கத்தான் முடியும், கீழே அழுத்த முடியாது. பிளேடு தன் எடையில் எவ்வளவு இறங்குதோ அவ்வளவுதான். ஹைட்ராலிக் சிலிண்டர் வந்ததும் வண்டியின் எடையையே பிளேடின் மேல் ஏற்றலாம் என்றானது. இறுகிய செம்பாறாங்கல்லை உடைக்கிற இடத்தில் இந்த வித்தியாசம் பெரிசு.

செம்பாறாங்கல் என்றதும் சேர்வராயன் மலைக்கு வந்துவிட்டோம். இந்த மலையின் அடிப்பாறை சார்னோகைட். உச்சியில் பல லட்சம் வருஷ மழையிலும் வெயிலிலும் அந்தப் பாறை சிதைந்து, தொப்பி போட்ட மாதிரி செம்மண்ணும் பாக்சைட்டும் படிந்திருக்கு. அலுமினியத்தின் மூலப்பொருள் அதுதான். 1960-ல் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, நம்ம ஆளுங்க மால்கோன்னு சொல்றது, 1965-ல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. மேட்டூரில் மின்சாரம், சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட் தேவை. அதாவது மேட்டூரில் அலுமினியம் எவ்வளவு உருகியதோ, அதைப்போல நாலு மடங்கு மலை லாரியில் கீழே இறங்கியது.

மலை உச்சியில் இயந்திரம் ஓட்டுவது சமவெளி மாதிரி இல்லை. மூணு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, காற்று. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட 14 சதவீதம் அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் என்ஜினுக்கு டீசல் அதே அளவு போகும், காற்று குறையும்; கறுப்புப் புகை கக்கும், இழுவை குறையும். பம்ப் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் புகை அடங்கும். ஆனால் இழுவை திரும்ப வேண்டுமென்றால் டர்போதான் வழி.

ரெண்டு, மண். மழைக்காலத்துச் செம்மண் செயினுக்குள் போய் இறுகிவிடும். இறுகிய செயின் சீக்கிரம் தேயும். செயின் வண்டியின் ஆயுள் முழுக்க ஆகும் பராமரிப்புச் செலவில் பாதி அடிப்பாகத்துக்கே போகும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்கிற கணக்கு. இதற்கு ஒரு அருமையான வைத்தியம் உண்டு. ஸ்ப்ராக்கெட்டின் பல் செயினில் உள்ள புஷ்ஷின் ஒரு பக்கத்தை மட்டும்தான் தேய்க்கும். சரியான நேரத்தில் பிரஸ்ஸில் வைத்துக் கழற்றி, பின்னையும் புஷ்ஷையும் பாதிச் சுற்று திருப்பிப் போட்டால், தேயாத பக்கம் வேலைக்கு வரும். செயினுக்கு மறுபிறவி. ஆனால் நேரம் தவறினால் புஷ் விரிசல் விட்டுவிடும். அப்புறம் காயலான் கடைதான்.

மூணு, சாலை. சேலத்திலிருந்து ஏறுகிற மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான லோ பெட் ட்ரெய்லர் இந்த வளைவுகளில் திரும்புவது பெரும்பாடு. அதனால் மேலே பழுதான வண்டியைக் கீழே இறக்கிச் சரிசெய்வதைவிட, கழற்ற முடிந்ததைக் கழற்றி லாரியில் கொண்டுவந்து, வேலை முடித்து, திரும்ப மேலே பொருத்துவதுதான் புத்திசாலித்தனம். தன் டயரிலேயே மலை ஏறி வந்துவிடுகிற பேக்ஹோ வண்டி இங்கே இவ்வளவு பரவியதற்கும் இந்தச் சாலை ஒரு காரணம்.

அந்த வண்டியின் கதையையும் சொல்லிடறேன். 1964-ல் பொதுத்துறையில் பாரத் எர்த் மூவர்ஸ் வந்தது. கோலார் தங்கவயலில் ஜப்பானின் கோமாட்சு தொழில்நுட்பத்தில் டோசர் தயாரித்தாங்க. உதிரி பாகத்துக்கு அமெரிக்காவைப் பார்த்துக் காத்திருந்த காலம் மெல்ல மாறியது. 1979-ல் ஹரியானாவின் பல்லப்கரில் எஸ்கார்ட்ஸும் ஜேசிபியும் சேர்ந்து பேக்ஹோ தயாரிக்கத் தொடங்கினாங்க. முன்னால் அள்ளும், பின்னால் தோண்டும். அரசாங்கமோ சுரங்கமோ மட்டுமே வைத்திருந்த இயந்திரத்தைத் தனி ஆள் கடன் வாங்கி வைத்துக்கொள்ளும்படி ஆனது. முதல் ஆள் ஐந்தாறு வருஷம் ஓட்டி விற்பார். இரண்டாவது ஆள் லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றி ஓட்டுவார். மூன்றாவது ஆள் பக்கெட்டுக்குத் தகடு வைத்து வெல்டிங் போட்டு, பல் மாற்றி ஓட்டுவார்.

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்துக்கு இது கைவந்த கலை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுறாங்க. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடுது. லேத், வெல்டிங், பம்ப் சர்வீஸ், டயர் ரீட்ரெடிங் எல்லாம் ஒரே வட்டாரத்துக்குள் கிடைக்கும். பழைய வண்டி ஓடணும்னா இப்படி ஒரு சூழல் வேணும்.

இதில் நன்மை மட்டும் இல்லை. பழைய வண்டி மலிவு. மலிவானால் யார் வேண்டுமானாலும் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்துச் சரிவை வெட்டலாம். வெட்டிய சரிவு மழையில் இறங்கும். இறங்கிய மண்ணை அள்ள அதே வண்டி வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது ஞாபகம் இருக்கும். அந்த மழை எந்த மலையையும் சோதிக்கிற மழைதான். ஆனால் அப்படி ஒரு நாளில் மேலே இருக்கும் ஊர்களுக்கு ஆம்புலன்ஸ் போகுமா போகாதா என்பது, பக்கத்தில் ஓடுகிற நிலையில் ஒரு இயந்திரம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மலையைக் காயப்படுத்துகிற அதே வண்டிதான் காயத்துக்கு முதலுதவியும் செய்யுது.

இப்போ அடுத்த மாற்றம் வந்திருக்கு. கட்டுமான வாகனங்களுக்கான புகை விதி நாலாம் கட்டம் 2021 ஏப்ரலிலும், ஐந்தாம் கட்டம் 2025 ஜனவரியிலும் அமலுக்கு வந்தது. சுவாசிக்கிற காற்றுக்கு இது நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் புது என்ஜினில் எரிபொருளை அளந்து விடுவது கம்ப்யூட்டர். ஸ்பேனரோடு மட்டும் போனால் கோளாறு என்னன்னே தெரியாது. லேப்டாப்பும் கம்பெனியின் மென்பொருளும் வேணும். ஒலியைக் கேட்டே என்ஜினின் நோயைச் சொன்ன தலைமுறை வேலையிலிருந்து ஒதுங்கும். பழைய பாணி வண்டிக்கு கிராக்கி கூடும், இன்னும் பல வருஷம் அவை இழுத்துப்பிடித்து ஓட்டப்படும்.

அப்படி ஓடும்போது எங்கே சிக்கனம் பார்க்கலாம், எங்கே பார்க்கக் கூடாது என்பது முக்கியம். பெயின்ட் உரிந்திருக்கலாம், சீட் கிழிந்திருக்கலாம். மலையில் ஓடும் வண்டியின் பிரேக், ஸ்டீயரிங், ஹைட்ராலிக் ஹோஸ் மூன்றிலும் சமாதானம் கூடாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய டிரைவர்களின் பாடம் இந்த 20 வளைவுகளுக்கும் பொருந்தும். பழைய வண்டி வாங்குகிறவர் ஹவர் மீட்டரைப் பார்த்து ஏமாறாமல் புஷ்ஷின் தேய்மானத்தைப் பார்க்கணும். மீட்டரை மாற்றலாம், தேய்மானத்தை மாற்ற முடியாது.

மால்கோவின் அலுமினிய உற்பத்தி 2008 இறுதியில் நின்றது. சேர்வராயன் கோயில் பக்கம் போனால் தோண்டிய சமதளங்களை இன்னும் பார்க்கலாம். அந்த மண்ணைத் தள்ளிய டோசர்களின் இரும்பு இந்நேரம் உருகி வேறு ஏதோ ஆகியிருக்கும். அவற்றைக் கழற்றிப் பூட்டிக் கற்ற கை வேலை மட்டும் கீழே பட்டறைகளில் இருக்கு. அதை ஐ.டி.ஐ. பாடத்திலோ வீடியோவிலோ யாராவது பதிவு செய்து வைத்தால் நல்லது. உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒரு ஃபிட்டர் இருந்தால், பேசி எழுதி வையுங்க.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.