பத்தா, இருபதா? ஐயோவா கிணறுகளில் பிறந்த குடிநீர் வரம்பு

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் குடிநீர் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓர் எண்ணில் வந்து முடியும்: ஒரு லிட்டர் நீரில் நைட்ரேட், நைட்ரஜன் கணக்கில், 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணின் அடித்தளமே பிழை என்று 1999-இல் ‘என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ இதழில் வாதிட்டவர் அலெக்ஸாண்டர் ஏவரி. வரம்பைத் தளர்த்தச் சொல்பவர்களுக்கு அவர் கட்டுரை நல்ல துணை. அதை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. அதில் உண்மையும் இருக்கிறது.

ஏவரியின் வாதம் இது. பச்சிளங்குழந்தைகளின் உடல் நீலம் பாரிக்கும் மெத்ஹீமோகுளோபின் நோய்க்கு முதற்காரணம் நீரிலுள்ள நைட்ரேட் அல்ல, குடல் அழற்சி. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் குடல் தானே நைட்ரிக் ஆக்சைடை மிகுதியாகச் சுரக்கிறது. அதிலிருந்து பிறக்கும் நைட்ரைட் இரத்தத்தைக் கெடுக்கிறது. நைட்ரேட் கலந்த நீரே குடிக்காத குழந்தைகளுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. 1948-இல் கார்ன்பிளாத்தும் ஹார்ட்மனும் குழந்தைகளுக்கு நேரடியாக நைட்ரேட் கொடுத்துப் பார்த்தபோது நீலம் பாரிக்கும் அளவுக்கு மெத்ஹீமோகுளோபின் ஏறவில்லை. ஆகவே 10 என்ற வரம்பு தேவைக்கு மீறிய கண்டிப்பு என்பது அவர் முடிவு.

இந்த முடிவை ஏற்குமுன் 1945-க்குப் போக வேண்டும். ஐயோவா சிட்டி மருத்துவர் ஹண்டர் காம்லி அந்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரையே இந்த வரலாற்றின் மூலச்சாசனம். பண்ணை வீடுகளிலிருந்து நீலம் பாரித்து வந்த குழந்தைகள். அவர்களுக்குப் புட்டிப்பால் கரைக்க எடுத்தது வீட்டுக் கிணற்று நீர். மருத்துவமனையில் தேறிய குழந்தை வீடு திரும்பியதும் மறுபடி நீலம் பாரித்தது. கிணறுகள் ஆழமற்றவை, சுவர் சரியில்லாதவை, தொழுவத்துக்குப் பக்கத்தில் இருந்தவை. கிருமியும் இருந்தது, நைட்ரேட்டும் இருந்தது. காம்லி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. கெட்டுப்போன குடலில் மேலேறிய நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன என்று இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்தார். காம்லி சேர்த்து வைத்ததை ஏவரி பிரித்து எதிரெதிரே நிறுத்துகிறார். கார்ன்பிளாத்–ஹார்ட்மன் சோதனையும் காம்லியை மறுப்பதில்லை. நைட்ரேட் மட்டும் போதாது, குடலின் நிலையும் சேர வேண்டும் என்றே அது காட்டுகிறது.

கொதிக்கவைத்தல் இன்னொரு தடயம். கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கிருமியே முழுக் காரணமென்றால், பாலுக்கான நீரைக் கவனமாகக் கொதிக்கவைத்த வீடுகள் தப்பியிருக்க வேண்டும். கிருமி புட்டி வழியாகவோ கை வழியாகவோ வந்திருக்கலாம் என்று ஏவரி தரப்பு பதில் சொல்லக்கூடும். அதை முற்றாக மறுக்கும் சான்று அக்காலப் பதிவுகளில் கிடையாது. ஆனாலும் பண்ணைக் கிணற்றில் சாணக்கழிவு இறங்கும் வழியும் நைட்ரேட் இறங்கும் வழியும் ஒன்றே என்பதை மறந்து நைட்ரேட்டை விடுதலை செய்வது வலுவான வாதமாகாது.

காம்லியின் பரிந்துரையில் பெரும்பாலோர் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. அவர் ஓர் எண்ணைச் சொல்லவில்லை, இரண்டைச் சொன்னார்: குழந்தைகளுக்கான நீரில் 10, மிஞ்சிப்போனால் 20. இந்த இரட்டை எண் எப்படி ஒற்றையானது? 1951-இல் வால்ட்டன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மாநிலங்களின் சுகாதாரத் துறைகளிடமிருந்து 278 நோயாளர் விவரங்களைத் திரட்டினார். அவர்களில் 39 பேர் இறந்திருந்தனர். நீரின் அளவு தெரிந்த 214 பேரில் 10-க்குக் கீழே ஒருவரும் இல்லை. 11 முதல் 20 வரை 2.3 விழுக்காடு, அதாவது ஐந்து குழந்தைகள். அந்த ஐவரே 20-ஐத் தள்ளி 10-ஐ நிறுத்தினார்கள் என்று கொள்வது பொருத்தம். 1962-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை 10-ஐ ஏற்றது. நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் 45. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் எண்ணும் இந்த 45 தான். ஆனால் வால்ட்டனின் சான்றும் மெலிந்தது: பல நீர் மாதிரிகள் நோய் கண்டு மாதங்கள் கழித்தே எடுக்கப்பட்டவை. 10 என்பதைத் துல்லியமான எல்லைக்கோடாக அல்ல, எச்சரிக்கைக் கோடாகவே படிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்த எண் நீலக்குழந்தைகளை மட்டுமே நினைத்து எழுதப்பட்டது என்பது. ஐயோவாவின் முதிய பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியான ஆய்வு, வரம்புக்கு வெகு கீழான அளவிலேயே சிறுநீர்ப்பைப் புற்றுநோயுடன் தொடர்பைக் கண்டது. 2018-இல் டென்மார்க்கின் பெரிய ஆய்வு பெருங்குடல் புற்றுநோயுடன் தொடர்பைக் கண்டது. தொடர்பு என்பது காரணமாகிவிடாது. ஆனால் இவற்றுக்கு முன் தளர்த்தும் பேச்சு எடுபடாது.

கிணற்றில் தொடங்கிய சிக்கல் ஆற்றுக்கு எப்போது வந்தது? போக் கவுண்டியின் டெ மொயின் நகரம் ராக்கூன், டெ மொயின் ஆகிய இரு ஆறுகளை நம்பியிருக்கிறது. நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கும் ஆலையை 1990-களின் தொடக்கத்திலேயே அங்கு நிறுவ வேண்டியதாயிற்று. 2015-இல் நகரக் குடிநீர் நிறுவனம் மேற்பகுதியிலுள்ள சாக், பியூனா விஸ்டா, கால்ஹூன் கவுண்டிகள் மேல் வழக்குத் தொடுத்தது. வயல் நீரை நைட்ரேட்டோடு ஆற்றில் சேர்க்கும், வயலடியில் புதைத்த வடிகுழாய்களின் வட்டாரங்களுக்கு அறங்காவலர்கள் அந்தக் கவுண்டிகளின் மேற்பார்வையாளர்களே. 2017-இல் வழக்கு தள்ளுபடியானது. 2025 கோடையில் நைட்ரேட் ஏறியதால் புல்வெளிக்கு நீர் பாய்ச்சவே தடை வந்தது.

காலத்தை அறுதியிட்டுச் சொல்வது கடினம். கீனி, டிலூக்கா என்ற ஆய்வாளர்கள் 1993-இல் டெ மொயின் ஆற்றின் சராசரி நைட்ரேட் அளவு 1945-இல் 5.0, 1980-களில் 5.6 என்று ஒப்பிட்டு, இடைப்பட்ட உரப்பெருக்கம் பெரிதாக எதையும் மாற்றவில்லை என்ற எண்ணத்தை எழுப்பினர். 2003-இல் மெக்கைசக்கும் லிப்ராவும் அந்த ஒப்பீட்டையே மறுபரிசீலனைக்கு எடுத்தனர். ஓர் ஆண்டின் அளவீட்டை வைத்து ஓர் ஆற்றின் நூற்றாண்டை எடைபோடலாமா என்ற ஐயம் நியாயமானது. வடிகுழாய்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருமளவில் புதைக்கப்பட்டுவிட்டன. செயற்கை உரம் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பின். உழுத கரிமண் தன்னிலிருந்தே விட்ட நைட்ரேட் எவ்வளவு, மூட்டையில் வந்தது எவ்வளவு என்று 1945-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துப் பிரித்துக் காட்ட இயலாது.