பழைய ஹாம் ரிசீவரின் அலைன்மென்ட்

அலைன்மென்ட் என்பது வால்வு காலத்து சூப்பர்ஹெட்ரோடைன் ரிசீவரில், காயிலும் கண்டென்சரும் சேர்ந்த இசைவுச் சுற்றுகளை அவற்றுக்குரிய அலைவெண்ணில் திரும்ப நிறுத்தும் வேலை.

முதலில் ஐ.எஃப்., அதாவது இடைநிலை அலைவெண். பெரும்பாலான செட்டுகளில் இது 455 கிலோஹெர்ட்ஸ். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ரிசீவர் பி.சி.-348இல் 915. சோதனைக்கு ஊட்டும் சிக்னல் ஜெனரேட்டரின் சிக்னலை இயன்றவரை மெலிதாக வைக்க வேண்டும், கூடினால் ஏ.வி.சி. (தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு) குறுக்கிட்டு உச்சத்தை மழுக்கிவிடும். அடுத்தது ஆஸிலேட்டர். பாண்டின் கீழ்முனையில் பேடர் என்னும் தொடர் கண்டென்சரை அல்லது காயில் கோரை, மேல்முனையில் டிரிம்மர் என்னும் சிறு இணைக் கண்டென்சரைத் திருப்ப வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும் என்பதால் இரண்டையும் மாறி மாறிச் சரிசெய்ய வேண்டும். உலோகத் திருப்புளி கூடாது.

கடைசியாக ஏரியல் பக்கச் சுற்றுகள். இவற்றைத் தொடாமல் விடுவது பெரும் பிழை. 7,100 கிலோஹெர்ட்ஸில் ஹாம் குரல் கேட்க, 455 ஐ.எஃப். செட்டின் ஆஸிலேட்டர் 7,555இல் ஓடும். இந்த ஏரியல் பக்கச் சுற்று இசைவு தவறியிருந்தால், ஆஸிலேட்டருக்கு மேலே அதே 455 தள்ளி 8,010இல் உள்ள நிலையமும் கூடவே நுழையும்.

தமிழக-கேரள எல்லையில் உள்ள ஏலமலைச் சரிவில் இந்த வேலைக்கு ஈரம் தனிச் சிக்கல். தென்மேற்குப் பருவமழை மலைமேல் உள்ள போடிமெட்டுக்கு மேலே கொட்டும். அடிவாரத்துப் போடிநாயக்கனூரோ மழைமறைவுப் பகுதி. காயிலில் ஈரம் ஏறினால் இழப்பு கூடி இசைவின் கூர்மை மங்கும். எனவே மலையில் செட்டை நன்கு உலர்த்தி, அரைமணி நேரம் ஓடவிட்டு, சூடு நிலைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

மத்திய அலை உள்ள செட்டானால், போடிநாயக்கனூரில் டயலைச் சரிபார்க்க மதுரை வானொலியின் 1269, திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் உதவும்.