பொருத்தம் முகத்திலா, உழைப்பிலா?

எங்களை எதிர்த்துப் பேச வந்திருக்கிற, ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்ட எதிரணி நண்பர்களே! வீரக்குமாரசாமி காத்து நிற்கும் வெள்ளகோவில் பெருமக்களே!

நான் இங்கே கிளம்பும்போது எங்க கல்லூரி நண்பர் ஒருத்தர் கேட்டார்: "வெள்ளகோவிலா? பாக்யராஜ் ஊராச்சே!" நான் சொன்னேன்: "இல்லைங்க. அவர் பிறந்தது கோபிசெட்டிபாளையம் பக்கம் வெள்ளாங்கோவில். நான் போறது காங்கேயத்துக்குக் கிழக்கே வெள்ளகோவில்." அவர் விடவில்லை. "முருங்கைக்காய் மார்க்கெட் அங்கேதானே இருக்கு?" என்றார். "மார்க்கெட் இந்த ஊர்லதான் இருக்கு. அதை வெச்சு 1983-ல 'முந்தானை முடிச்சு' எடுத்தவர்தான் அந்த ஊர்க்காரர்!" என்றேன். (சிரிப்பு)

பாருங்க, ஓரிரு எழுத்து மாறினதும் ஊரே மாறிப்போச்சு. மேலோட்டமாப் பார்த்து முடிவு பண்றது எவ்வளவு ஆபத்து! அதைத்தான் எங்கள் அணி சொல்ல வந்திருக்கிறது.

எதிரணித் தலைவி அம்மா என்ன சொன்னாங்க? "நடிகருக்கு வேஷம் பொருந்தணும். நாயகனுக்கு நாயகி பொருந்தணும். முதல் பாகத்துக்கு இரண்டாம் பாகம் பொருந்தணும். பொருத்தம் என்பது பார்த்தவுடனே தெரியும்" என்றார்கள். அம்மா, பார்த்தவுடனே தெரிவது முகம். பொருத்தம் தெரிய நாளாகும். இதற்குச் சாட்சி தேடி நான் பம்பாய்க்கும் போக வேண்டாம், ஹாலிவுட்டுக்கும் போக வேண்டாம். இங்கிருந்து பஸ் ஏறினால் கோயமுத்தூர். அங்கேயே சாட்சி இருக்கிறது.

1947-ல் வெளிவந்த ஒரு படத்தின் கதை. கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜுபிடர் நிறுவனம் 'ராஜகுமாரி' என்று ஒரு படம் எடுக்க நினைக்கிறது. கதாநாயகனாக யாரைப் போடலாம்? அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த பி.யு. சின்னப்பா பெயர்தான் முதலில் வந்தது. இயக்குநர் ஏ.எஸ்.ஏ. சாமி வேறு ஒருவரைச் சொன்னார். அந்த வேறு ஒருவர் யார்? 1936-ல் 'சதி லீலாவதி'யில் அறிமுகமாகி, பதினொரு வருஷம் சின்னச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டிருந்தவர். வயது முப்பது. அந்தக் காலத்துக் கதாநாயகனுக்கு முதல் தகுதி என்ன? பாட வேண்டும்! பாகவதர் பாடினார், சின்னப்பா பாடினார். இவருக்குச் சொந்தக் குரலில் பாட்டு வராது. எதிரணியின் கணக்குப்படி, பொருத்தம் பூஜ்யம்! அந்தப் பூஜ்யத்தின் பேர்தான் எம்.ஜி.ஆர். (கைதட்டல்)

அடுத்து, 1952. 'பராசக்தி'. கூட்டாகத் தயாரித்த ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாருக்கு, நாடகத்திலிருந்து வந்த அந்த ஒல்லிப் பையன்மேல் நம்பிக்கை இல்லை. கே.ஆர். ராமசாமியைப் போடலாம் என்றார்கள். "இந்தப் பையன்தான்" என்று பிடிவாதமாக நின்றவர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள். அந்தப் பையன் முதன்முதலாக வசனம் பேசின இடத்தில் அதே ஏவி.எம். ஸ்டூடியோ பின்னாளில் நினைவுச் சின்னம் வைத்தது. செட்டியார் சாதாரணமானவர் இல்லீங்க. சினிமாவைக் கரைத்துக் குடித்தவர். அவர் கண்ணுக்கே முதல் பார்வையில் சிவாஜி கணேசன் தெரியவில்லை என்றால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போஸ்டரைப் பார்த்தே, "ஆள் சரியில்லப்பா" என்கிறோமே, நாம எந்த மூலை?

இன்னொரு சாட்சி. இதுவும் கோவைதான். பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு, நாமக்கல் கவிஞர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலை 1954-ல் படமாக்கினார். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம் அது. நாயுடு அதோடு விடவில்லை. 1955-ல் இந்தியில் 'ஆசாத்' என்று எடுத்தார். நாயகன் யார்? திலீப் குமார்! திரையில் அழுது அழுது, சோக நாயகன் என்றே பட்டம் வாங்கியவர். அந்தச் சோகம் தன் மனத்தையே பாதித்து, மருத்துவர் யோசனைப்படி கலகலப்பான வேஷம் தேடிக்கொண்டிருந்த நேரம். நாயகி மீனா குமாரி. அவரும் கண்ணீருக்குப் பேர்போனவர். இந்த இரண்டு பேரையும் வைத்துச் சிரிக்கச் சிரிக்க ஒரு படம்! எதிரணி நண்பர் அன்றைக்கு இருந்திருந்தால், "நாயுடுகாரு, ஐஸ் பெட்டியில் அடுப்பு மூட்டுறீங்க" என்று சொல்லியிருப்பார். (சிரிப்பு) நடந்தது என்ன? படம் ஓடியது. சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் விருது அந்த வேஷத்துக்காகவே திலீப் குமாருக்குக் கிடைத்தது. அழுதவரைச் சிரிக்க வைத்துப் பரிசும் வாங்கிக் கொடுத்த ஊர், நம்ம கோயமுத்தூர்!

சரி, பொருத்தமான ஆட்களைப் போட்டுவிட்டால் மட்டும் படம் ஜெயிக்குமா? அதே 1954-ல் டி.ஆர். ராமண்ணா எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் சேர்த்தே 'கூண்டுக்கிளி'யில் போட்டார். இதைவிடப் பெரிய சேர்க்கை உண்டா? படம் ஓடவில்லை. அதற்கப்புறம் அந்த இருவரும் ஒரே படத்தில் சேர்ந்து நாயகர்களாக நடிக்கவே இல்லை. ரெண்டும் நல்ல பட்டு என்பதற்காக ரெண்டு சேலையை ஒண்ணா உடுத்த முடியுமா?

இனி ஜோடிப் பொருத்தம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புமை சொல்கிறார். வயதும் உருவமும் அதில் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அருளும் உணர்வும் அந்தப் பட்டியலில் உண்டே! உருவத்தைப் புகைப்படத்தில் பார்த்துவிடலாம். உணர்வை எந்தப் புகைப்படத்தில் பார்ப்பது? 'தில்லானா மோகனாம்பாள்' விகடனில் தொடராக வந்தபோது கோபுலுவின் ஓவியம்தான் மோகனா. 1968-ல் படம் வந்த பிறகு யாருக்காவது பத்மினியை விட்டுவிட்டு வேறு மோகனா தோன்றுகிறதா? 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 54 வரை கல்கியில் வந்தது. மணியம் வரைந்த வந்தியத்தேவனை வைத்துக்கொண்டு தாத்தா ஒரு நடிகரைச் சொன்னார், அப்பா ஒரு நடிகரைச் சொன்னார், பேரன் ஒரு நடிகரைச் சொன்னான். எம்.ஜி.ஆர். படமாக்க முயன்றார், நடக்கவில்லை. கடைசியில் 2022-ல் மணிரத்னம் எடுத்தபோது குதிரையில் வந்தவர் யார்? சூலூர் பக்கம் காசிகவுண்டன்புதூர் சிவகுமார் வீட்டுப் பிள்ளை கார்த்தி! மூன்று தலைமுறை போட்ட சண்டை, அந்தக் குதிரை வந்த வேகத்தில் பாதி அடங்கிப்போனது.

மூன்றாவது, இரண்டாம் பாகம். "இரண்டாம் பாகம் எடுத்தாலே கெட்டுவிடும்" என்கிறார்கள். 1979-ல் வந்த 'கல்யாணராமன்' 1985-ல் ஜப்பான் போனார். முதல் பயணத்து மகிழ்ச்சி இரண்டாவதில் இல்லை; ஒத்துக்கொள்கிறேன். 1996-ல் வந்த 'இந்தியன்' தாத்தா 2024-ல் திரும்பி வந்தபோதும் பழைய வரவேற்பு இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, தமிழனுக்கு இரண்டாம் பாகம் புதுசா? சிலப்பதிகாரத்தை அடுத்து மணிமேகலை வந்ததே! ஏன் நிலைத்தது? கண்ணகியைத் திரும்பக் கூட்டி வந்து இன்னொரு சிலம்பை உடைக்கச் சொல்லவில்லை சாத்தனார். மாதவியின் மகளை நாயகியாக்கினார். பசித்தவனுக்குச் சோறு போடுவதை அறமாக்கினார். பழைய பேரில் புதிய உழைப்பு! அதனால்தான் அவற்றை இரட்டைக் காப்பியம் என்கிறோம். இரண்டாவது என்பது குற்றமில்லை. முதலாவதையே நகல் எடுப்பதுதான் குற்றம்.

மறுபடியும் வெள்ளாங்கோவில்காரரிடம் வருகிறேன். 1979-ல் 'புதிய வார்ப்புகள்'. மூக்குக்கண்ணாடி போட்ட உதவியாளரைப் பாரதிராஜா நாயகனாக்கினார். குரல்கூட அவருடையது இல்லை; கங்கை அமரன் பேசினார். அந்தக் கண்ணாடியும், படத்துக்கு ஒட்டாது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குரலுமே பிற்பாடு நாடு முழுக்கப் பிடித்துப்போன அடையாளம் ஆகவில்லையா?

இவ்வளவு நேரம் மற்றவர்களைச் சொன்னேன். இப்போது என்னைச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆண்டு விழாவுக்கு வழக்குரை காதையை நாடகமாகப் போட்டேன். கண்ணகியாக நடிக்க ஒரு மாணவி வந்து நின்றாள். கருத்த, ஒடிசலான பெண். "நான் பண்றேனுங்க சார்" என்றாள். நான் அவளை ஒரு வரிகூடப் பேசச் சொல்லவில்லை. "கண்ணகிக்கு இது ஒட்டாதும்மா, நீ திரை இழு" என்று அனுப்பிவிட்டு, வேறு பெண்ணைப் போட்டேன். நாடகம் நன்றாகவே நடந்தது, கைதட்டல் வாங்கினேன்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் ஓர் அம்மா வந்து வணங்கினார். "சார், திரை இழுத்தது நான்தானுங்க" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் பந்தி நடக்கிற சத்தத்துக்கு நடுவிலே, மெதுவாக, அந்த நாடகத்துக் கண்ணகி வசனம் முழுவதையும் சொன்னார். ஒரு சொல் தவறவில்லை. சொல்லி முடித்து, "ஒத்திகையெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடமுங்க" என்றுவிட்டுப் பரிமாறப் போய்விட்டார்.

நடுவர் அவர்களே, அவருக்கு அந்த வேஷம் பொருந்தியிருக்குமா? எனக்குத் தெரியாது. இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியனின் கதையை மேடையேற்ற வந்தவன், ஆராயாமல் தீர்ப்புச் சொன்னேன். சாமிக்கும் பெருமாளுக்கும் இருந்த பொறுமை எனக்கு இல்லாமல் போயிற்று.

"ஒட்டாது" என்ற சொல்லைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பிள்ளையை ஒரு வரியாவது பேச விடுங்கள். பொருத்தம் உழைப்பில்தான் வருகிறது. அந்த உழைப்புக்கு முதலில் ஒரு மேடை வேண்டும்.