மெழுகும் பேரேடும்

கலை வரலாறு என்று நாம் படிப்பதில் கணக்கு எழுதியவர்களுக்கு இடம் கிடையாது. படைப்பு உண்டு, படைத்தவர் உண்டு, சில சமயம் வாங்கிய சீமானும் உண்டு. மெழுகை யார் வரவழைத்தார்கள், துணிக்கு முன்பணம் எங்கிருந்து வந்தது, விற்ற பணம் எந்தத் தேதியில் எவர் கைக்குப் போயிற்று என்பதெல்லாம் குமாஸ்தா சமாசாரம் என்று ஒதுக்கப்படுகிறது. நான் வங்கியில் குமாஸ்தா. ஆகவே இந்த ஒதுக்கலில் எனக்குச் சிரத்தை இருப்பது இயல்புதான். ஆனால் தொழில் பாசம் மட்டும் இதை எழுதவைக்கவில்லை. மத்திய ஆஸ்திரேலியாவின் பாலைவனத்துப் பூர்வகுடிப் பெண்கள் 1948 முதல் செய்துவந்திருக்கும் காரியங்களைப் பற்றித் தொடர்ந்து படித்தபோது, நிர்வாகத்தைக் கலைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது சாத்தியமில்லை என்று பட்டது. ஒரு பொருள் கலையாகக் கருதப்படுவதும், அது யாருடையதாக நிலைக்கிறது என்பதும் அங்கே பல தடவை அலுவலக மேஜையில்தான் தீர்மானமாகியிருக்கின்றன.

தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மஸ்கிரேவ் மலைத்தொடரில் இருக்கிறது எர்னபெல்லா. அங்குள்ளவர்கள் வழங்கும் பெயர் புக்காட்ஜா. 1937ல் பிரெஸ்பிடேரியன் சபை அங்கே ஒரு மிஷனை ஏற்படுத்திற்று. அதற்காக வாதாடியவர் டாக்டர் சார்ல்ஸ் டூகிட். அக்காலத்து மிஷன்களுக்குள் இது சற்று வித்தியாசமானது. பள்ளிக்கூடம் பிட்ஜன்ஜாரா மொழியில் நடந்தது. மக்களின் வழக்கங்களில் தலையிடுவது மற்ற இடங்களைவிடக் குறைவு. மிஷனுக்கு ஆட்டு மந்தை இருந்தது, ஆகவே கம்பளி இருந்தது. 1948ல் பெண்களுக்கென்று ஒரு கைவினை அறை திறக்கப்பட்டது. தலைமயிரைத் தக்ளியில் நூற்றுக் கயிறாக்குவது இப்பெண்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த வேலை; இப்போது தக்ளியில் ஆட்டு மயிர் ஏறிற்று, அவ்வளவுதான். நூல், நெய்த துணி, பிறகு தரை விரிப்புகள். விரிப்புகளுக்கான சித்திரங்கள் பள்ளிச் சிறுமிகள் வரைந்தவற்றிலிருந்து வந்தன: வளைந்தும் பின்னியும் போகும் கோடுகள். இவற்றுக்கு 'வால்கா' என்று பெயர். குறிப்பிட்ட ஒரு புராணத்தையோ புனித தலத்தையோ இவை சுட்டுவதில்லை. இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

1954ல் இந்த அறைக்கு வந்து சேர்ந்தவர் சபை ஊழியரான வினிஃப்ரெட் ஹில்லியர்ட். 1986 வரை, 32 வருஷங்கள், அங்கேயே இருந்தார். பதவியின் பெயர் 'கைவினை ஆலோசகர்'. ஆலோசகர் என்ற இந்தச் சொல்லை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். கச்சாப் பொருள் வாங்குவது, விலை வைப்பது, தூரத்து நகரங்களில் வாங்குவோரைத் தேடுவது, கூலி கணக்கிடுவது எல்லாம் ஆலோசனை என்ற பெயரின் கீழ் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் மேஜையில் நடந்தன. அதே சமயம், 1968ல் 'இடையில் உள்ள மக்கள்' என்று பொருள்படும் தலைப்பில் இந்த மக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவரும் அவர்தான். இடையில் இருந்தது அந்த மக்கள் மட்டுமா? மிஷனுக்கும் பெண்களுக்கும் இடையில், பெண்களுக்கும் சந்தைக்கும் இடையில் 32 வருஷம் நின்றவரை அதிகாரி என்பதா, சேவகர் என்பதா? ஒரே சொல்லில் அடைக்கும் அவசரம் எனக்கில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: கோடு பெண்களுடையதாகவே இருந்தது. 1971ல் லியோ பிரெர்ட்டன் என்ற அமெரிக்கர் வந்து பாத்திக் கற்றுக்கொடுத்தார். 1975ல் மூன்று பெண்கள் இந்தோனேஷியாவில் யோக்யகர்த்தாவின் பாத்திக் ஆய்வு நிலையத்துக்குப் போய்வந்தார்கள். மெழுகு ஊற்றும் செம்புக் குழலையும் சாய முறையையும் கொண்டுவந்தார்கள். ஜாவாவின் பூக்கோலங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். பட்டின்மேல் முன்வரைவு இல்லாமல் கையோட்டத்தில் ஓடியது பழைய வால்காதான்.

விமர்சகர்கள் என்ன செய்தார்கள்? 1971ல் பப்புன்யாவில் ஆண்கள் பலகைகளில் தங்கள் கனவுக்காலப் புராணங்களைத் தீட்டத் தொடங்கினார்கள். 1972ல் அவர்களுக்கு அவர்களே சொந்தக்காரர்களான ஒரு கம்பெனியும் ஏற்பட்டது. அது பிறகு கலை என்று ஏற்கப்பட்டது. எர்னபெல்லாவோ 'கைவினை' என்ற பெட்டியிலேயே கிடந்தது. மிஷனில் பிறந்தது, அலங்காரம், புராணம் இல்லாதது, பெண்கள் செய்வது. இந்த நாலு காரணங்களில் ஒன்றுகூடத் துணியைப் பார்த்துச் சொன்னதல்ல. அசலான ஆதிமனிதனைத் தேடுகிற ரசனைக்குப் புராணம் தேவைப்பட்டது. வெறும் கோடாக நின்ற கோட்டை அதனால் பார்க்க முடியவில்லை. ஐரோப்பிய அரூப ஓவியத்தில் இதே குணத்தைப் போற்றியவர்கள்தான் இவர்கள் என்பது வேடிக்கை. ஆனால் விமர்சனத்தின் அங்கீகாரம் இல்லாமலே அந்த அறை நடந்தது. கம்பளி போய் பாத்திக் வந்தது. பிறகு கான்வாஸ் வந்தது. 2003ல் மண்பாண்டச் சூளையும் வந்தது. ஊடகங்கள் மாறிக்கொண்டே இருந்தபோது மாறாமல் இருந்தவை கதவு, மேஜை, பேரேடு.

1974 தொடக்கத்தில் மிஷன் தன் பொறுப்பை ஊராரிடம் ஒப்படைத்தது. அதையொட்டிக் கைவினை அறையும் லாப நோக்கமற்ற தனி ஸ்தாபனமாயிற்று. சட்டப்படி இப்போது நிலைமை தலைகீழ். கலைஞர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவே எஜமான்; மேலாளர் அவர்களிடம் சம்பளம் வாங்கும் ஊழியர். காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. ஆனால் மானிய மனு ஆங்கிலத்தில், தணிக்கை ஆங்கிலத்தில், செக்குப் புத்தகம் ஆங்கிலத்தில். எஜமானர்களின் மொழி பிட்ஜன்ஜாரா. கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், எதன்மேல் கையெழுத்து என்று அறிந்தவர் இன்னொருவர் என்றால், அதிகாரம் யாரிடம்? வங்கியில் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி நீட்டுகிற கைகளை நாள்தோறும் பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வி தத்துவமாகத் தோன்றாது. சட்டம் பெண்களுக்கு நாற்காலியைக் கொடுத்தது; நாற்காலி அதிகாரமாக மாறப் பல வருஷக் கூட்டங்களும், மொழிபெயர்ப்பும், பொறுமையும் தேவைப்பட்டன. இந்த வேலைக்குப் பரிசு எதுவும் கிடையாது. இதை வரலாறாக எழுதுவோரும் அதிகம் இல்லை.

அலுவலகம் நிலைக்காத இடத்தில் என்ன நேர்ந்தது என்பதை யூட்டோப்பியா காட்டுகிறது. அலீஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டரில் உள்ள முன்னாள் மாட்டுப் பண்ணை அது. அன்மட்யெர், அல்யவார் மக்களின் நிலம். 1977ல் வயது வந்தோர் கல்வி வகுப்பின் பகுதியாக அங்கே பாத்திக் வந்தது. கற்றுக்கொடுக்கப் போனவர்களில் ஒருவர் எர்னபெல்லாவைச் சேர்ந்த யிபாட்டி. ஆக, ஒரே மெழுகு, ஒரே குழல், ஒரு பூர்வகுடிப் பெண்ணின் கையிலிருந்தே இன்னொரு பூர்வகுடியின் கைக்கு. 1978ல் யூட்டோப்பியா மகளிர் பாத்திக் குழு உருவாயிற்று. 1979ல் நில உரிமை விசாரணையில் இப்பெண்கள் நீதிபதியின் முன் தங்கள் சடங்குகளை ஆடிக் காட்டிச் சாட்சி சொன்னார்கள். நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. 1987ல் அலீஸ் ஸ்பிரிங்ஸில் இருந்த பூர்வகுடி ஊடகச் சங்கத்தின் கடை குழுவை ஏற்றுக்கொண்டது. அதை நடத்தியவர் ரோட்னி கூச். 1988ல் 88 பட்டுத்துணிகளில் 'ஒரு சித்திரக் கதை' என்ற தொகுப்பு உருவாகி, ராபர்ட் ஹோம்ஸ் ஆ கோர்ட்டின் சேகரிப்புக்குப் போயிற்று. அந்த வருஷக் கோடைப் பருவத்தில் பெண்களுக்குக் கான்வாஸும் அக்ரிலிக் வர்ணமும் கொடுக்கப்பட்டன. அப்போது வர்ணத்தைத் தொட்டவர்களில் ஒருவர் எமிலி காமெ ங்வாரே. வயது எழுபதுக்கு மேல்.

பிறகு நடந்தது உலகம் அறிந்தது. 1996ல் இறக்கும்வரை, எட்டு வருஷங்களில், அவர் தீட்டியவை சுமார் 3000 என்று மதிப்பிடுகிறார்கள். 1997ல் வெனிஸ் கண்காட்சியில் ஆஸ்திரேலிய அரங்கில் அவர் படைப்புகள் இருந்தன. 2025ல் லண்டன் டேட் மாடர்னில் தனிக் கண்காட்சி. அவர் மேதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெரிய கான்வாஸ்களின் புகைப்படங்களே என்னைப் பல நாள் தொந்தரவு செய்திருக்கின்றன. ஆனால் மேதைக்குப் பின்னால் அலுவலகம் இல்லை. தொண்ணூறுகளில் வெவ்வேறு வியாபாரிகள் வெவ்வேறு இடங்களில் அவருக்குக் கான்வாஸ் கொடுத்து வாங்கிப்போனார்கள். எல்லோரும் அயோக்கியர்கள் என்று சொல்வது சுலபம், உண்மையுமல்ல. அவரும் கேட்டு வாங்கினார். சுற்றத்தார் அனைவருக்கும் அந்த வருமானம்தான் சோறு, வண்டி, பெட்ரோல். ஒரு சங்கம் வகிக்கவேண்டிய ஸ்தானத்தை ஒரு கிழவியின் வலது கை வகித்தது. கையிருப்பு தீர்ந்தால் இன்னொரு கான்வாஸ். அவர் 1994ல் தீட்டிய 'பூமியின் படைப்பு' 2007ல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. 2017ல் இருபது லட்சத்தைத் தாண்டிற்று. முதல் ஏலத்தின்போது மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் சட்டமே அந்நாட்டில் கிடையாது. 5 சதவீதப் பங்கை விதித்த சட்டம் 2009ல் நிறைவேறி 2010ல்தான் அமலுக்கு வந்தது.

எர்னபெல்லாவில் ஆலோசகர் இருந்தார், நிர்வாகம் மெல்ல மெல்லக் கைமாறிற்று. யூட்டோப்பியாவில் மேதை இருந்தார், நிர்வாகம் கலைந்தது. மூன்றாவது ஒரு வழியும் உண்டு. பிட்ஜன்ஜாரா நில உரிமைப் பேச்சுவார்த்தைகளில் பெண்களின் குரல் கேட்கப்படவில்லை. அந்த ஆத்திரத்தில் 1980ல் கன்பி என்ற இடத்தில் கூடிய பெண்கள் தங்களுக்கென்று ஒரு கவுன்சில் அமைத்தார்கள். மூன்று மொழிகள் பேசும் மக்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து என்.பி.ஒய். மகளிர் கவுன்சில் என்று பெயர். 1995ல் இதன் கீழ் பிறந்தது 'ட்ஜான்பி'. புல் என்று அர்த்தம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பிளாக்ஸ்டோனில் ஒரு கூடை முடையும் பயிலரங்கில் ஆரம்பித்து, மூன்று மாநில எல்லைகளில் சுமார் 350,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், 400க்கு மேற்பட்ட பெண்கள் புல்லில் கூடையும் உருவமும் செய்கிற அமைப்பாக வளர்ந்தது. அதன் நிர்வாக முறை எளிமையானது. ஊழியர்கள் வண்டியில் ஊர் ஊராகப் போகிறார்கள். நூலும் நாரும் கொடுக்கிறார்கள். புல் அறுக்கப் பெண்களை அழைத்துப்போகிறார்கள். முடிந்த பொருளை வாங்கிக்கொள்கிறார்கள். கூடை நகரத்தில் விற்கும்வரை முடைந்தவள் காத்திருக்கவேண்டியதில்லை. விற்காமல் தேங்கும் நஷ்டம் அமைப்பின் தலையில். இந்த ஒரு விதியில் ஒரு முழு அரசியல் இருக்கிறது. மேலே தேர்ந்தெடுக்கப்பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அதே ஊர்களின் பெண்கள். 2005ல் பிளாக்ஸ்டோன் பெண்கள் புல்லால் செய்த முழு அளவு டொயோட்டா வண்டி தேசியப் பூர்வகுடிக் கலைப் பரிசை வென்றது. அந்த வறண்ட நாட்டில் வண்டி இல்லாமல் புல்லும் இல்லை, கூடையும் இல்லை. நிர்வாகத்தையே சிற்பமாக்கிவிட்டார்கள் என்று நான் அதைப் படிக்கிறேன்.

இந்தப் பேரேடுகளில் வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. அந்த மக்களிடையே இறந்தவர் பெயரை உச்சரிப்பதில்லை. அதே பெயருள்ள உயிரோடிருப்பவரையும் 'குன்மனாரா' என்றே அழைப்பார்கள். கண்காட்சிப் பட்டியல்களிலும் மறைந்தவரின் முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இச்சொல்லைக் காணலாம். ஆனால் உரிமைத்தொகை வாரிசுக்குச் சேரவேண்டுமானால் பெயர் ஏட்டில் இருந்தாக வேண்டும். வாயில் வரக்கூடாத பெயரைக் கணக்கில் காப்பாற்றுவது வெறும் குமாஸ்தா வேலையா? துக்கத்தையும் சட்டத்தையும் ஒரே வரியில் எழுதத் தெரிந்தவர்களுக்கே அது கைவரும்.

நிர்வாகத்தை நான் புனிதப்படுத்தவில்லை. மானியம் தருகிறவன் அறிக்கை கேட்பான். அறிக்கை எழுதுகிறவன் மெல்ல எஜமானாவான். விற்பதைச் செய், விற்காததைச் செய்யாதே என்று பேரேடு தூரிகைக்குச் சொல்லத் தொடங்கும். இந்த அபாயம் மேலே சொன்ன எல்லா இடங்களிலும் இருக்கிறது. ஆனால் அபாயத்துக்குப் பயந்து அலுவலகத்தை வேண்டாமென்றால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. கான்வாஸைச் சுருட்டிக்கொண்டு வருகிறவன் அதில் உட்கார்ந்துகொள்வான். கலைஞன் கணக்குப் பார்க்கக்கூடாது என்ற நம் ஆசாரம், கணக்கை வேறொருவனிடம் கொடுத்துவிடுவதற்கான அழகான பெயர். சந்தாப் பட்டியலை ஒழுங்காக வைக்கத் தெரியாமல் நின்றுபோன பத்திரிகைகளை நாம் தியாகம் என்று கொண்டாடுவதும் இந்த ஆசாரத்தின் பகுதிதான்.

எர்னபெல்லாவின் கோடுகளைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் கோட்டைப் பற்றி எழுதட்டும்; அதுவே இன்னும் சரியாக எழுதப்படவில்லை. கூடவே, அந்தக் கோடு எழுபது வருஷத்துக்கு மேல் அறுபடாமல் ஓடியதற்கு அங்கே தினமும் காலையில் கதவைத் திறந்து, மெழுகை எடைபோட்டு, வரவு செலவை எழுதி, கூட்டத்தில் உட்கார்ந்து வாதாடிய பெண்களும் காரணம் என்பதை ஒரு பத்தியாவது சொல்லவேண்டும். அடிக்குறிப்பில் போதாது.