நல்ல பழக்கங்கள் நிலைக்க, முதலில் இரவைச் சரிசெய்வோம்

ரமளான் முடிந்ததும் நம் வீடுகள் பலவற்றில் தீர்மானங்கள் பிறக்கின்றன. ஃபஜ்ரு ஜமாஅத் தவறக் கூடாது; தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும்; இனிப்பைக் குறைக்க வேண்டும்; குர்ஆனில் ஒரு பக்கமாவது ஓத வேண்டும். ஷவ்வால் பாதி கடப்பதற்குள் இவற்றில் பல நின்றுபோகின்றன. "மன உறுதி போதவில்லை" என்று நம்மை நாமே குறை சொல்லிக்கொள்கிறோம். முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலை நம்பி வாழும் நம் ஊர்களில் இந்தக் கேள்வி மிகவும் முக்கியமானது. டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் செல்பவர்கள் காலையிலேயே கிளம்பியாக வேண்டும். ஆனால் நமது இரவுகளோ நீண்டுகொண்டே போகின்றன.

ஒரு சிறு கணக்கு

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம்; 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம்.

கோடையில் நம் பகுதியில் ஃபஜ்ரு நேரம் சுமார் நாலரை மணிக்கே தொடங்கிவிடுகிறது. 5 மணிக்கு எழ வேண்டுமானால், 10 மணிக்குத் தூங்கியிருந்தால்தான் 7 மணி நேரம் கிடைக்கும். இஷா தொழுகை எட்டரை மணிக்குள் முடிந்துவிடுவதால் இதற்கு நேரம் இருக்கிறது. ஆனால் 10 மணிக்குச் சாப்பாடு, பிறகு கடைத்தெருவில் டீ, பிறகு படுக்கையில் செல்போன் என்று 12 மணியைத் தாண்டினால், மிஞ்சுவது 5 மணி நேரம்கூட இல்லை.

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் படித்திருக்கிறோம். அந்த வழிமுறை நம் உடலுக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

தூக்கம் குறைந்தால் தீர்மானம் ஏன் தளர்கிறது?

2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதித்தபோது, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்களுடைய ஆசை இனிப்பு, உப்புப் பண்டம், மாவுப் பண்டம் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. இரவு விழித்தவருக்கு மறுநாள் பேக்கரியைத் தாண்டிச் செல்வது கடினமாக இருப்பதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது.

2010-ல் வெளியான இன்னோர் ஆய்வில், எடை கூடிய 10 பேர் ஒரே அளவு உணவுக் கட்டுப்பாட்டை இரண்டு விதத் தூக்கத்தோடு கடைப்பிடித்தார்கள். படுக்கை நேரம் எட்டரை மணியாக இருந்தபோதும் ஐந்தரை மணியாக இருந்தபோதும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் குறைவாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பின் அளவு 55 சதவீதம் குறைவு. அதற்குப் பதிலாகத் தசை போன்றவை கரைந்தன.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2022-ல் வெளியான ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த, எடை கூடிய 80 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தூக்கத்தைக் கூட்ட மட்டும் ஆலோசனை தரப்பட்டது. அவர்கள் சுமார் ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். உணவைப் பற்றி எதுவும் சொல்லாமலேயே, மற்ற பிரிவினரை விட நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாக உட்கொண்டார்கள்.

"எனக்கு 6 மணி நேரமே போதும், பழகிவிட்டது" என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய. 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 14 நாட்கள் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன் முழு இரவு விழித்தவர்களின் நிலைக்கு இறங்கியது. ஆனால் அவர்கள் அதைப் பெரிதாக உணரவே இல்லை. தோல் வெட்டும் மெஷினில் கை வைப்பவரும், விடியற்காலையில் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பைக்கில் போகிறவரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஃபஜ்ருக்குப் பின் தூங்கலாமா?

தூக்கம் நிறைந்தவர்களுக்கு ஃபஜ்ருக்குப் பின் வரும் குளிர்ந்த நேரம் நடைக்கும் ஓதுவதற்கும் மிகப் பொருத்தமானது. காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சரியாக வைக்கிறது. அன்றிரவு நேரத்தில் தூக்கம் வரவும் உதவுகிறது. அதே சமயம், இரவில் தூக்கம் குறைந்தவர் தொழுதுவிட்டுச் சற்றுத் தூங்கினால் குற்ற உணர்வு தேவையில்லை. ஃபஜ்ருக்காக எழுந்து மீண்டும் தூங்குவதைப் பற்றி சவூதியில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், மொத்தத் தூக்க நேரம் சமமாக இருந்தபோது பகல் மயக்கத்தில் வேறுபாடு காணப்படவில்லை. லுஹருக்கு முன்போ பின்போ 20 நிமிடம் கைலூலா எடுப்பதும் நல்லது. அதை இரண்டு மணி நேரமாக நீட்டினால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும்.

வீட்டில் குறைவாகத் தூங்குவது யார்?

பல வீடுகளில் இதற்கான பதில் தாய்மார்கள்தாம். எல்லோரும் சாப்பிட்ட பின் பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசியாகப் படுப்பவர் அவர். டிபன் கட்ட முதலில் எழுபவரும் அவரே. ஷூ கம்பெனியில் நாள் முழுவதும் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வரும் சகோதரிகளுக்கு இது இரட்டைச் சுமை. அவருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், "நடங்கள், உணவைக் குறையுங்கள்" என்று சொல்லும் நாம், அவர் தூங்குவதற்கு வழி செய்திருக்கிறோமா?

நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் பங்கெடுத்தார்கள் என்பதை நாம் பிறருக்கு எடுத்துச் சொல்கிறோம். இரவுச் சாப்பாட்டை எட்டரை மணிக்கு முடித்து, பாத்திரங்களை ஆண்களும் பிள்ளைகளும் பங்கிட்டுக் கழுவினால், அந்தத் தாய்க்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

இரவு வேலை பார்ப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் பகலில் தூங்கும் அறை இருட்டாக இருக்கட்டும். அழைப்பு மணி, டிவி, விருந்தினர் எல்லாம் அந்த நேரத்தில் காத்திருக்கலாம். அதுவும் அவருக்கு நாம் செய்யும் உதவிதான்.

எங்கிருந்து தொடங்குவது?

• ஐந்து தீர்மானங்களை ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் படுக்கும் நேரம் ஒன்றை மட்டும் சரிசெய்வோம். இப்போது 12 என்றால், சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துவோம்.

• எழும் நேரம் வெள்ளி, ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

• காஃபின் பாதியளவு குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். எனவே அஸருக்குப் பின் டீ, காபியைத் தவிர்ப்போம்.

• செல்போன்கள் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். பெற்றோரின் போனும் அங்கேயே இருந்தால்தான் பிள்ளைகள் கேட்பார்கள்.

• பிரியாணியும் வறுவலும் இரவு 10 மணிக்கு வேண்டாம். விருந்தைப் பகலில் வைக்கலாம்.

• 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயில், இரவிலும் சுவரையும் கூரையையும் விட்டுப் போவதில்லை. உடல் சூடு சற்றுத் தணிந்தால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். படுக்கும் முன் குளிப்பது, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருவது, கொசுவலை கட்டுவது ஆகியவை உதவும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு ஊன்ற சராசரியாக 66 நாட்கள் ஆயின. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. ஆகவே ஒரு கல்யாண இரவில் தாமதமாகிவிட்டால், மறுநாள் மீண்டும் தொடர்வோம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுதல், போதுமான நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுதல் ஆகியவை மூச்சுத்தடைத் தூக்க நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் வராமல் மாதக்கணக்கில் தொடர்ந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவது ஆபத்து. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், இரவில் பலமுறை சிறுநீருக்காக எழ நேர்ந்தால் சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இன்றிரவு இஷா முடிந்து வீடு திரும்பியதும், குடும்பத்தோடு அமர்ந்து நம் வீட்டுக்கு ஏற்ற படுக்கும் நேரம் ஒன்றை முடிவு செய்வோம். நடையும் உணவுக் கட்டுப்பாடும் ஓதலும் அதன் பின் எளிதாகும், இன்ஷா அல்லாஹ்.