புரவியில்லாச் சிறுதேர்: தும்பறைக் கடைசற் கலையும் சிறுவர் விளையாட்டுப் பொருள்களும்

கண்டியிலிருந்து வத்தேகம நோக்கிச் செல்லும் பாதையில் உள்ள மடவளை, தும்பறைப் பள்ளத்தாக்கின் அறியப்பட்ட ஊர்களுள் ஒன்று. அதே தும்பறைப் பகுதியிலுள்ள ஹுரிக்கடுவ என்னும் கிராமம், மாத்தளைப் பக்கத்துப் பல்லே ஹப்புவிடவைப் போன்று, மரத்திற்கு அரக்கு வண்ணமேற்றும் கைவினைக்குப் பெயர்பெற்றது. கலாநிதி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இக்கைவினை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அதன் இருவகைகளுள் ஒன்று, அரக்கை இளக்கி இழையாக்கி நகத்தால் அழுத்திக் கோலமிடுவது. மற்றையது கடைசற் பொறியில் சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்துவது. பின்னதில் உராய்வின் வெப்பமே அரக்கை உருக்கும். உருகிய அரக்கை ஓலை நறுக்கால் தேய்க்க, மரம் கண்ணாடிபோல் மினுங்கும். அடுப்போ தூரிகையோ வேண்டியதில்லை.

இக்கைவினை பற்றி எழுதப்பட்டவற்றில் முதலிடம் பெறுவன ஈட்டித் தண்டு, கொடிக்கம்பு, விசிறிப்பிடி, கட்டிற்கால், ஏட்டுச்சுவடிப் பலகை ஆகியன. அரண்மனைக்கும் விகாரைக்கும் ஆனவை பேணப்பட்டன. குழந்தையின் கைக்குச் சென்றவை கடிபட்டும் உடைபட்டும் ஈற்றில் அடுப்பெரிந்தும் போயின. நூதனசாலைகளில் விளையாட்டுப் பொருள்கள் அருகியே காணப்படுவதற்கு இதுவே காரணமாகலாம். எனவே மரத்தாலான விளையாட்டுப் பொருளின் வரலாற்றை எழுத முற்படுபவர், பொருளைக் காட்டிலும் இலக்கியத்தையே மிகுதியும் நாடவேண்டியவராகிறார்.

அவ்வகையில் தமிழ் பேறுடையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டுகளிலும் சிறுதேரைக் குறிப்பிடுகின்றார். பெரும்பாணாற்றுப்படையில் தச்சச் சிறுவரும் விரும்புமாறு செய்யப்பட்ட தேர், ஏறிச் செல்ல இயலாத தேர். அதனைக் குழந்தைகள் உருட்டித் திரிகின்றனர். பட்டினப்பாலையிலோ அது மூன்று உருளை கொண்டது, குதிரை பூட்டப்படாதது. கோழியை ஓட்ட எறிந்த காதணி அதன் வழியை மறித்துக் கிடக்கின்றது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில், தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச்செல்லும் இன்பம் கிட்டாவிடினும் கையால் இழுத்தே இளையோர் இன்புறுவதனைத் தும்பிசேர்கீரனார் உவமையாக்குகின்றார். மூன்று இடங்களிலும் தேர் குறையுடையதாகவே காட்டப்படுவது நோக்கத்தக்கது. குதிரையைத் தச்சன் செய்யவில்லை. அது குழந்தையின் மனத்திலிருந்து வருவது. பொன்னணிந்து திரியும் செல்வச் சிறுவர்க்கும் குதிரையில்லாத் தேரே போதியதாயிருந்தது என்பதால், அக்குறையை வறுமையின் விளைவென்று கொள்ள முடியாது.

கடைசற் பொறியும் இத்தகைய குறையொன்றைத் தன்னியல்பிலேயே உடையது. ஓர் அச்சைச் சுற்றிச் சுழலும் மரத்தில் உருண்டை, உருளை, கூம்பு, குமிழ் ஆகியனவே எளிதில் அமையும். மூக்கையும் விரலையும் கடைய முடியாது. ஆதலால் கடைசற்காரன் செய்த மனிதன் ஒரு குமிழுந் தண்டும். அவன் செய்த குடமோ குடத்தின் சாயல் மட்டுமே. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். மரப்பாச்சி கடைந்ததன்று, செதுக்கியது. ஆயினும் விறைத்த கையும் அசையா முகமும் கொண்ட அவ்வுருவத்தை மணமகளாக்குவதும் பாட்டியாக்குவதும் சிறுமி சுற்றும் கந்தைத் துணியே. 1837இல் ஜேர்மனியின் பிளாங்கன்பேர்க்கில் சிறார்க்கெனப் பள்ளி தொடங்கிய புரோபல், உருண்டை, உருளை, கனசதுரம் என்னும் மர வடிவங்களைக் கற்பித்தற் கருவிகளாக வகுத்தார். அவற்றுள் முதலிரண்டும் கடைசற்காரர் கைக்கு நெடுங்காலம் பழகியவை. கல்வியியல் நூல்கள் புரோபலைப் புகழ்வது தகும். கடைசற்காரரையும் ஓரிரு வரிகளில் நினைத்திருக்கலாம்.

இக்கலையை விளையாட்டுப் பொருளுக்கென்றே வளர்த்த ஊர் கர்நாடகத்துச் சன்னபட்டணம். அதன் தொடக்கத்தைத் திப்பு சுல்தான் அழைத்த பாரசீகக் கைவினைஞரோடு மரபுச் செய்தி இணைக்கின்றது. வெட்பாலை மரமே அங்குப் பெரிதும் பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பார் ஜப்பானியப் பொம்மை முறைகளை அங்குக் கொணர்ந்தார். பிற்காலத்தில் மஞ்சள், அவுரி போன்ற தாவர வண்ணங்களை அரக்கிற் கலக்கும் முறை அங்கு ஊக்குவிக்கப்பட்டது.

இவ்வண்ணச் செய்தி தும்பறைக்கும் மாத்தளைக்கும் மிக வேண்டியது. பழைய கண்டிக் கைவினையின் சிவப்பு சாதிலிங்கத்தினின்றும், மஞ்சள் அரிதாரத்தினின்றும் பெறப்பட்டன. முன்னது பாதரசச் சேர்வை, பின்னது ஆசனிக்குச் சேர்வை. கொடிக்கம்பில் அவை தீங்கற்றவை. எதனையும் வாயிலிட்டுச் சுவைக்கும் குழந்தையின் கிலுகிலுப்பையிலோ அவை நஞ்சு. தூய அரக்கு மாத்திரைகளுக்கும் இனிப்புகளுக்கும் மேற்பூச்சாகப் பயன்படுவது. குறை வண்ணத்திலேயே உள்ளது. பழைமையை அவ்வாறே மீட்கவேண்டுமென வாதிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். மீட்கத்தக்கது பொறியும் வடிவமும், வண்ணப்பெட்டியன்று.

இலங்கையில் 1964இல் லக்சல நிறுவப்பட்டது. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவைக்கு வழிவகுத்தது. இவை கைவினைஞர்க்குச் சந்தை தேடித்தந்தன. ஆயினும் அச்சந்தை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுடையது. பயணி வேண்டுவது அலுமாரியில் வைக்கத்தக்க நிறைவான யானை. குழந்தைக்கு வேண்டியதோ யானையாகவும் இன்னொரு வேளை புகைவண்டியாகவும் ஆகவல்ல மரத்துண்டு. வாங்குபவர் மாறியபோது அலங்காரம் மிகுந்தது, விளையாட்டுக் குறைந்தது. டென்மார்க்கின் பில்லுண்டில் 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கிய தச்சர் கிறிஸ்ரியன்சனின் லெகோ நிறுவனம், 1960இல் பட்டறை தீப்பற்றிய பின் மரத்தைக் கைவிட்டுப் பிளாஸ்டிக்கையே கைக்கொண்டது. எனினும் அதன் கட்டை பெருவெற்றி கண்டது, தனித்து நிற்கையில் அது எப்பொருளையும் குறியாததாலேயே.

புதிய வடிவம் தேடும் தும்பறைக் கைவினைஞர்க்கு யானையின் கண்ணையும் தந்தத்தையும் இன்னும் நுணுக்கமாகத் தீட்டும் பயிற்சி தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு கடைசல் உருக்கள், ஒன்றின் துளையில் மற்றொன்றின் முளை பொருந்துமாறு, விழுங்க முடியாத பருமனில், மஞ்சளும் அவுரியும் ஏற்றிய அரக்கில் அமைந்தாற் போதும். தேருக்கு உருளை மூன்றாயினும் சரியே.